நாற்காலி வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம் என் வலது கைச் சுண்டுவிரல் மரத்துப்போனது. மோதிர விரலிலும் பாதி. சுண்டுவிரலை ஒட்டிய பாதி மட்டும். விரல் நடுவே யாரோ கோடு கிழித்து, இந்தப் பக்கம் உணர்ச்சி உண்டு, அந்தப் பக்கம் கிடையாது என்று பாகம் பிரித்துவிட்ட மாதிரி. மனசு எங்கெங்கோ ஓட, நரம்பு மருத்துவரிடம் போய் நின்றேன். அவர் முழங்கையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மேஜை ஓரத்துல முழங்கையை ஊன்றிக்கிட்டா வேலை பாக்குறீங்க?"

ஆமாம். முழங்கையில் எங்காவது இடித்துக்கொண்டால் 'சுர்'ரென்று கரண்ட் அடிக்குமே, அந்த இடத்தில் தோலுக்கு நேர் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. அது போய்ச் சேர்வது சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும். நாலு வருஷமாக அதை மேஜை விளிம்பில் வைத்து நசுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். மாத்திரை எதுவும் எழுதவில்லை. முழங்கையை ஊன்றாதீர்கள், தூங்கும்போது கையை இறுக்கி மடக்கிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான் என்றார். விரல் பழையபடி ஆக மூன்று மாதம் பிடித்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று அடையாள அட்டை கொடுத்தார்கள், லேப்டாப் கொடுத்தார்கள், தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டில் இறங்குவது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்காலிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. நான் மருத்துவன் இல்லை. 17 வருஷமாக உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவன். இப்போதுதான் கல்லூரி முடித்து இந்த வேலைக்குள் வருகிறவர்களுக்கு, வரிசையாக என்னென்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

1. ஒரே ஒரு நாள் கணக்கெடுங்கள்

என் அக்கா மகன் போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தான். பெருங்குடியில் விடுதி வாசம். இடுப்பு வலி என்று வந்தவனிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்டா உட்கார்ந்திருப்ப?" என்றேன்.

"எட்டு மணி நேரம் மாமா. ஆனா வாரத்துல மூணு நாள் ஜிம்முக்குப் போறேனே."

ஒரு தாளை எடுத்து நேற்றைய நாளை எழுதச் சொன்னேன். கண் விழித்ததும் தலையணையில் சாய்ந்தபடி போன், முக்கால் மணி. கம்பெனி பஸ், முக்கால் மணி. காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை மூன்றரை. சாப்பாட்டு மேஜையில் அரை. ஒன்றே முக்காலிலிருந்து ஆறரை வரை நாலே முக்கால். திரும்பும்போது நெரிசலில் பஸ், ஒரு மணி. ஜிம் முடிந்து வந்து கிரிக்கெட், ரீல்ஸ், இரண்டரை. கூட்டினால் 13 மணி 45 நிமிஷம். கீழே இறங்கி நின்றபடி டீ குடித்த 40 நிமிஷத்தைக் கழித்தாலும் 13 மணிக்குக் குறையவில்லை. பையன் தாளை வாங்கி மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தான். பொறியியல் படித்தவன், விடை மாறவில்லை.

நீங்களும் எழுதுங்கள். அலுவலக நேரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பயணம், சாப்பாடு, டிவி, படுக்கையில் போன் எல்லாம் சேரட்டும். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், பேனாவே போதும். ஒரு நாள் எழுதினால் போதும், தினமும் எழுதினால் அதற்கும் உட்கார வேண்டியிருக்கும்.

2. உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த விஷயத்தை முதலில் பிடித்தது ஒரு பேருந்துக் கதை. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31 ஆயிரம் பேரை ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே நிறுவனம், ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே வாழ்க்கைத் தரம். ஆனால் ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில். நடத்துநர் மாடிப் பேருந்தின் படிகளில் டிக்கெட் கொடுத்தபடி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். மாரடைப்பு நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது. வந்தாலும் வயது கடந்து வந்தது, உயிர் போகும்படி வந்ததும் குறைவு.

மோரிஸ் அதோடு விடவில்லை. 1956-இல் அதே தொழிலாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது, இளவயதுக்காரர்களிலும்கூட. அப்படியானால் கொஞ்சம் பருமனானவர்கள்தான் ஆரம்பத்திலேயே ஓட்டுநர் வேலைக்குப் போனார்களோ என்ற சந்தேகமும் எழுந்தது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ விதமாகப் பார்த்துவிட்டார்கள், காற்று அதே திசையில்தான் அடிக்கிறது. மோரிஸ் 99 வயது வரை இருந்தார் என்பதை நான் சாட்சியாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை அதிகம் வாங்கிச் செலவழிக்கும் வாடிக்கையாளர்கள் தொடையும் கெண்டைக்கால் சதையும். உட்கார்ந்ததும் அந்தக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடுகின்றன. சோற்றிலிருந்து வந்த சர்க்கரை வாங்க ஆளில்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதும் கெண்டைக்கால் சதைதான். அது ஓய்ந்துவிட்டால் சாயங்காலம் செருப்பு வார் காலில் அச்சுப் பதிக்கும். பார்த்திருப்பீர்கள்.

ஜிம்முக்குப் போகிறேனே என்பவர்களுக்கு: அது வீணில்லை. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்து 2016-இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் வந்த அலசல், நாளுக்கு 60 முதல் 75 நிமிஷம் வேர்க்க நடப்பது போன்ற உழைப்பு இருந்தால், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்வதால் கூடும் மரண ஆபத்து ஏறத்தாழ ஈடாகிவிடுகிறது என்றது. கவனியுங்கள், 'நாளுக்கு.' அது முடிகிற ஆள் என்றால் சந்தோஷம். நம்மில் பலருக்கு முடியாது. அதனால்தான் அடுத்தடுத்த படிகள்.

3. நாற்காலி, மேஜை, திரை: ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

இதைப் பக்கத்து சீட்டுக்காரரோடு சேர்ந்து செய்யுங்கள். நம் முதுகு நமக்குத் தெரியாது.

முதலில் நாற்காலி. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கைப்பிடியை மேலே தூக்கினால் இருக்கை ஏறும் இறங்கும். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படிய வேண்டும், தொடை தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போகிற இடைவெளி வேண்டும். பின்னால் தள்ளி, சாய்மானத்தில் குறுக்கு நன்றாகப் படியும்படி உட்காருங்கள். படியவில்லையா, ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் வளைவில் வையுங்கள். கடையில் இதற்கென்று விற்கும் தலையணைகள் செய்வதும் இதைத்தான்.

அடுத்து மேஜை. இங்கேதான் பெண்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அலுவலக மேஜைகளின் உயரம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும், அதை ஏற்ற இறக்க முடியாது. ஐந்தடி உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் மேஜை நெஞ்சுக்கு அருகே வந்துவிடும். தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்வார். சாயங்காலம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல்லாக இறுகிக் கிடக்கும். தீர்வு, நாற்காலியை மேஜைக்கு ஏற்றபடி உயர்த்திவிட்டுக் காலுக்கு அடியில் ஏதாவது வைப்பது. பிரிக்காத ஏ4 தாள் கட்டு இரண்டு கச்சிதமாக இருக்கும். முழங்கை உடம்பை ஒட்டி, ஏறக்குறைய எல் வடிவில் மடங்கி, தோள் தளர்ந்து கிடக்க வேண்டும். மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றினால் என்ன ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

லேப்டாப் ஒரு பிறவிக் கோளாறுள்ள பொருள். திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை தொங்கும். எந்த விலை கொடுத்து வாங்கினாலும் இதுதான் கதை. ஆகவே முதல் மாதச் சம்பளத்தில் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள், அல்லது அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பைப் பழைய பாடப் புத்தகங்கள் மேல் ஏற்றுங்கள். அவை கடைசியாக ஒரு வேலைக்கு உதவட்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ கொஞ்சம் தாழ்வாகவோ இருக்கட்டும். தூரம் நீட்டிய கை அளவு.

கழுத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? நம் தலை கிட்டத்தட்ட 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதை அலட்டாமல் தாங்குகிறது. 2014-இல் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் போட்ட கணக்குப்படி, 30 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 18 கிலோவுக்குச் சமம். 60 டிகிரியில் 27 கிலோ. அது கணினி மாதிரியில் போட்ட கணக்குதான், உங்கள் கழுத்தில் தராசு வைத்து அளந்ததல்ல. ஆனாலும் மடியில் போனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தபின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், கணக்கு புரியும்.

ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். ஏசி காற்று முகத்தில் நேராக அடித்தால் அதன் தகட்டைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். கண் காய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒரே வரி: கட்டிலில் வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியும் சாப்பாட்டு மேஜையும் கட்டிலைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இத்தனையும் சரி செய்தபிறகும் ஒன்று மிச்சம். எவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்தாலும் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் வலிக்கும். விலை உயர்ந்த நாற்காலியில் சொகுசாக வலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

4. பெரிய தண்ணீர் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கைக்கடிகாரம் கையில் கிடுகிடுவென்று அதிர்ந்து சொல்கிறது. என்ன செய்கிறோம்? கையைத் திருப்பி ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். நான் மூன்று ஆப் மாற்றிப் பார்த்தேன். எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை. அலாரம் நம்மைக் கேட்கிறது, நாம் மறுக்கிறோம். தாகமும் சிறுநீரும் கேட்பதில்லை.

ஆகவே இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிவிட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் வைத்தேன். இருநூறு மில்லி பிடிக்கும். தீர்ந்தால் எழுந்து போய்த்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் இடம் என் இருக்கையிலிருந்து 45 அடி. போக 45, வர 45. குடித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தன் வேலையைக் காட்டும். கழிப்பறை இன்னொரு மூலையில். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை எழுந்திருக்கிறேன், ஒருமுறைகூட 'உடற்பயிற்சி செய்ய வேண்டும்' என்று நினைத்து எழவில்லை.

இதே சூத்திரத்தில் இன்னும் சில. போன் சார்ஜரை எட்டாத தூரத்தில் செருகுங்கள். அழைப்பு வந்தால் 'ஹலோ' சொல்லும்போதே எழுந்துவிடுங்கள், பேசி முடிக்கும்வரை நடங்கள். நீங்கள் பேச வேண்டியிராத கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு நின்றபடி கேளுங்கள். பக்கத்து வரிசைக்காரருக்கு மெசேஜ் அனுப்பாமல் நேரில் போங்கள். ஒன்பதாவது மாடி என்றால் ஏழாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்குங்கள். மைக்ரோவேவ் ஓடும் இரண்டு நிமிஷம் குதிகாலைத் தூக்கித் தூக்கி நில்லுங்கள். யாராவது பார்த்தால் எட்டிப் பார்ப்பதாக நினைப்பார்கள்.

இந்தச் சின்ன நடை எல்லாம் ஒரு கணக்கா? கணக்குதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2023-இல் ஒரு சிறு சோதனை நடந்தது. 11 பேரை நாள் முழுக்க உட்கார வைத்து, ஒரு நாள் சும்மா, ஒரு நாள் அரை மணிக்கு ஐந்து நிமிஷம் மெதுநடை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் நடந்த நாளில் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது 58 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் நாலைந்து புள்ளி இறங்கியது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனால் 2012-இல் ஆஸ்திரேலியாவில் 20 நிமிஷத்துக்கு இரண்டு நிமிஷம் நடக்கவிட்டுச் செய்த சோதனையும் இதே பக்கம்தான் பேசியது.

நின்றபடி வேலை செய்யும் மேஜை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வசதியிருந்தால் வாங்குங்கள், ஆனால் நிற்பது நடப்பதாகாது. நின்றுகொண்டே இருப்பதும் தண்டனைதான். ஜவுளிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்ற பெண்களின் கால் வீக்கத்தையும் நரம்புச் சுருட்டலையும் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் 2021-இல் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டத்திருத்தம் வந்தது. அவர்கள் உட்காரப் போராட வேண்டியிருந்தது, நாம் எழுந்திருக்கத் தந்திரம் தேட வேண்டியிருக்கிறது. மாற்றி மாற்றிச் செய்வதுதான் உடம்புக்குப் பிடித்தது.

5. சாப்பிட்ட பின் பத்து நிமிஷம்

உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு. நமக்கு இல்லாமலா? சாப்பிட்டுவிட்டு நேராக நாற்காலிக்குப் போவதுதான் நாளின் மிக மோசமான உட்காரல், ஏனென்றால் சர்க்கரை ஏறுகிற நேரம் அது. தட்டைக் கழுவியதும் பத்து நிமிஷம் நடங்கள். வெயிலில் போக வேண்டியதில்லை. அடித்தள வாகன நிறுத்தம், நடைபாதை, மாடிப்படி எதுவும் சரி. வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே போகிற நடை போதும். தனியாக என்றால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம், ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீ பற்றியும் சொல்ல வேண்டும். கீழே இறங்கி டீக்கடைக்குப் போவது நல்ல நடை. அங்கே இரண்டு பஜ்ஜியும் சேர்ந்துகொண்டால் அந்த நடைக்குச் சம்பளம் பஜ்ஜிக்கே போய்விடும்.

6. கண்

சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதியாகவும் அதற்குக் கீழும் குறைகிறது, இமைப்பதும் அரைகுறையாக. கண்ணீர்ப் படலம் காய்ந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது, எரிகிறது. கூடவே, பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணுக்குள் குவியம் மாற்றும் தசை களைத்துப்போகிறது. மாலையில் தூரத்துப் பஸ் எண் மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

கண் மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது: 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது. இதற்கும் அலாரம் வைக்காதீர்கள். உங்கள் இடத்திலிருந்து ஜன்னல் வழியே தெரியும் ஏதாவது ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள். எனக்கு எதிர் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. அதில் இரண்டு காகங்கள் சாயங்காலம் சண்டை போடும். யோசிக்கும்போதெல்லாம் அங்கே பார்ப்பேன். பார்க்கும்போது இரண்டு தடவை கண்ணை முழுசாக மூடித் திறங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கடைக்காரர் சேர்த்து விற்பார். மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு, 17 சோதனைகளை அலசிய ஆய்வை 2023-இல் வெளியிட்டது. கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தப் பணத்தில் கண்ணைச் சரியாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரை பவர் விட்டுப்போனாலும் தலைவலி வரும். கண் எரிகிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். போட்டதும் சுகமாக இருக்கும். நாள்பட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பையே கெடுக்கும். மருத்துவர் எழுதாமல் எந்தச் சொட்டும் போடாதீர்கள்.

7. ராத்திரி

போன் சார்ஜர் கூடத்தில் இருக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம். அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குக் கடிகாரக் கடையில் மேஜைக் கடிகாரம் இன்னும் விற்கிறது. திரை வெளிச்சம் தூக்கத்துக்கான சுரப்பைத் தாமதப்படுத்துகிறது என்பது ஆய்வகத்தில் பார்த்த விஷயம். என் அனுபவத்தில் வெளிச்சத்தைவிட 'இன்னும் ஒன்றே ஒன்று' என்ற விரல்தான் பெரிய எதிரி. மஞ்சள் விளக்கு மாதிரி திரையை மாற்றிவிட்டு ஒன்றரை மணி வரை பார்த்தால் என்ன பயன்?

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்து இரண்டு மணிக்குப் படுக்கிறவர்களுக்கு இந்த அறிவுரை பாதிதான் பொருந்தும். அவர்கள் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டு அறையை இருட்டாக்குவதும், விடுமுறை நாளிலும் தூங்கும் நேரத்தை அதிகம் மாற்றாமலிருப்பதும் உதவும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால்: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் கையில் போன் இருக்கும்வரை அது நடக்காது.

8. வாரக் கணக்கு

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது. மிதமான உழைப்பு என்றால், நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். தினமும் அரை மணி வைத்தால் ஐந்து நாளில் முடிந்துவிடும். 2023-இல் தமிழக அரசு ஒவ்வொரு மாவட்டத்திலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. உங்கள் ஊரில் எங்கே என்று பாருங்கள்.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்பது வேதவாக்கல்ல. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்து விற்றது, எண் அங்கிருந்து கிளம்பியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் பலன் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. இப்போது மூவாயிரம் நடக்கிறவர் ஐயாயிரம் ஆக்கினாலே பெரிய காரியம்.

தசைக்கு ஜிம் இல்லையே என்றால், சாயங்காலம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்துத் தடவை. நம் தாத்தா பாட்டி இதைப் பயிற்சி என்று நினைத்ததில்லை, பந்தியில் உட்கார்ந்து எழுந்தார்கள். முழங்கால் வலி ஏற்கெனவே இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நாற்காலியிலிருந்து கை வைக்காமல் எழுந்து உட்கார்ந்தால் போதும்.

9. எப்போது மருத்துவரிடம் போவது

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் ராத்திரியில் கையை உதறி எழுந்தால் மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறது என்று பொருள் இருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் என்றால் என் கதை. இரண்டும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் அன்றைக்கே போங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத் திணறினால் உடனே அவசரப் பிரிவுக்கு. முதுகுவலியோடு கால் பலம் குறைவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழப்பது, இவையும் உடனடி. கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவதும் கரும்புள்ளிகள் பறப்பதும் திரைக் களைப்பு அல்ல. நெஞ்சில் அழுத்தம் வந்தால் வயது 25 என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அதைவிட அதிகம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்த கணக்கெடுப்பு 2023-இல் சொன்னது. தையல்காரர் நாடாவில் இடுப்பையும் அளந்துவிடுங்கள், வயிற்றை உள்ளே இழுக்காமல். நம் உடல்வாகுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் தாண்டினால் எச்சரிக்கை. பேன்ட் அளவை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே இறங்கிப் போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் வருகிற திங்கட்கிழமை தொடங்காதீர்கள், செவ்வாய்க்கிழமை விட்டுவிடுவீர்கள். முதல் வாரம் கணக்கெடுப்பும் டம்ளரும். இரண்டாம் வாரம் நாற்காலி, திரை. மூன்றாம் வாரம் சாப்பாட்டுக்குப் பின் நடை. போன் சார்ஜர் கடைசியில் வரட்டும், அதுதான் எல்லோருக்கும் கஷ்டம்.

என் அக்கா மகன் ஆரம்பித்து நாலு மாதமாகிறது. இடுப்பு வலி பெருமளவு குறைந்திருக்கிறது, ராத்திரிப் போன் மட்டும் இன்னும் படுக்கையில்தான். போன வாரம் அழைத்தான். மேலாளர் கூப்பிட்டு, "என்னப்பா, எப்பப் பார்த்தாலும் சீட்ல இல்லையே?" என்றாராம்.

"என்னடா சொன்ன?"

"டம்ளரைக் காட்டுனேன் மாமா. அவரும் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லிட்டார்."